உவரிப் பக்கம் கடலில் முங்குகிறவருக்குக் கார்பன் ஃபைபர் ஃபின் தேவையா?

கேள்வி: மூச்சடக்கி முங்கவும் ஈட்டி வைத்து மீன் பிடிக்கவும் கார்பன் ஃபைபர் ஃபின்களை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்கலாமா? திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, கூடுதாழைப் பக்கம் இறங்குகிறேன். இப்போது இருப்பது நீளமான பிளாஸ்டிக் ஃபின்.

பதில்: வள்ளத்தில் போய், பத்து மீட்டருக்கும் கீழே கிடக்கும் பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) முங்குகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். கரையிலிருந்து கல்லைத் தாண்டி நடந்து இறங்கி, நாலைந்து மீட்டர் ஆழத்திலேயே சுற்றி வருகிறவர் என்றால் கார்பன் வேண்டாம். ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) போதும்.

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீருக்குள் நம் மூச்சை அதிகம் தின்பது தொடைத் தசைதான். பிளாஸ்டிக் பிளேடு, அதாவது ஃபின்னின் தட்டையான தகடு, வளையும், ஆனால் மெதுவாகத்தான் நிமிரும். நாம் கொடுத்த விசையில் ஒரு பகுதி அதற்குள்ளேயே சூடாகிப் போய்விடுகிறது. வெயிலில் காய்ந்தும் அடித்தும் பழசான பிளாஸ்டிக் இன்னும் தொய்ந்துவிடும். கார்பன் வளைந்ததும் சட்டென்று விறைத்து நிமிர்கிறது, அந்த நிமிர்வுதான் ஆளை முன்னே தள்ளுகிறது. எடையும் குறைவு. அதனால் அதே ஆழத்துக்குக் குறைந்த உழைப்பில் போய் வரலாம். வேகம் கூடும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதைவிட, அடியில் போய்ச் சேரும்போது கால் கடுக்காமல் இருப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் மாமா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். காலில் அலுமினியத் தகட்டை மாட்டிக்கொண்டு முங்கிய ஆள். என் கார்பன் பிளேடைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மருமவனே, ஆனா நீ சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதிச்சா இதுவும் தகடுதான்" என்றார். அவர் சொன்னது முழுக்க சரி. முழங்காலை மடக்கி மிதித்தால் எந்த பிளேடும் வேலை செய்யாது. இடுப்பிலிருந்து, காலை நீட்டி, நிதானமாக அடிக்க வேண்டும். அது கைவராதவர் இப்போதிருக்கும் பிளாஸ்டிக்கிலேயே இன்னும் ஒரு சீசன் பழகலாம்.

அவருக்கு முந்தைய தலைமுறையின் முறை இன்னும் யோசிக்க வைப்பது. முத்துக் குளித்தவர்கள் கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்கினார்கள். ஏறும்போது வள்ளத்தில் நின்ற ஆள் கயிற்றை இழுத்தார். இறங்கவும் ஏறவும் கால் உழைக்கவே இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. காலுக்கு உழைப்பு மிச்சம் என்ற அந்த வசதியில் ஒரு பங்கைத்தான் கார்பன் நமக்குத் திருப்பித் தருகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்ற ஆளை அது தராது. கடலில் தனியாக முங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். இருபது மீட்டரில் உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. மேலே வர வர அழுத்தம் இறங்கும், நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் சேர்ந்து விழும். கடைசிப் பத்து மீட்டரில், சில சமயம் தலை வெளியே வந்த பிறகும்கூட நினைவு தப்புவது இப்படித்தான். நல்ல ஃபின் போட்டால் கீழே இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று தோன்றும். அந்த நினைப்பு ஆபத்து. ஒருவர் கீழே, ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு, அப்புறம் மாறி மாறி. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடவும் கூடாது.

சரி, எதை வாங்குவது? பிளேடைவிட முதலில் கால் மாட்டும் ரப்பர் பாக்கெட்டைப் பாருங்கள். அது கடித்தாலும் தளர்ந்தாலும் எவ்வளவு விலை கொடுத்த கார்பனும் வீண். நம் கடல் வெதுவெதுப்பானது, மெல்லிய சாக்ஸ் போதும். அந்தச் சாக்ஸோடு அளவு பாருங்கள். பிளேடில் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று விறைப்பு வரும். பெரும்பாலானவர்களுக்கு சாஃப்ட் சரியாக இருக்கும். ஓட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டியிருந்தால், அல்லது ஆள் கனமாக இருந்தால் மீடியம். ஹார்ட் வேண்டவே வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிளேடு பாதத்துக்கு நேராக இல்லாமல் இருபது முதல் முப்பது டிகிரி சாய்ந்திருந்தால் கணுக்காலுக்கு நிம்மதி. மேலே கார்பன் கோலம் போட்ட பிளாஸ்டிக்கும் விற்கிறார்கள், உள்ளே கண்ணாடி இழையை வைத்து மேலே ஓர் அடுக்கு மட்டும் கார்பன் போட்டதும் உண்டு. முழுக்கக் கார்பனா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லீடர்ஃபின்ஸ், சி4, டைவ்ஆர், ஆல்கெமி எல்லாம் தெரிந்த பெயர்கள்.

நம் கரைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. உவரி முதல் கூத்தங்குழி வரை கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. அது தொழிற்சாலையில் தேய்க்கவும் அறுக்கவும் பயன்படும் மணல். ரப்பர் பாக்கெட்டுக்குள் புகுந்தால் பாதத்தையும் பிளேடின் அடிப்பாகத்தையும் அராவிவிடும். கல்லில் இடித்தால் கார்பன் விளிம்பு சிதறும், அடுக்கு பிரியத் தொடங்கினால் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். ஃபின் போட்டுக்கொண்டு கரையில் நடக்காதீர்கள். கையில் எடுத்துப் போய் இடுப்பளவு தண்ணீரில் மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். விளிம்பில் சின்ன வெடிப்பு என்றால் உடனே எபாக்ஸி பசை தடவி அடைத்துவிடலாம்.

கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த ஃபின்னும் பயன்படாது. கடல் கலங்கிக் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது திடீரென்று எழும் பேரலை, வரும், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தூத்துக்குடிக்கு வடக்கே ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே ஈட்டியோடு போகக் கூடாது. நம் பக்கத்திலும் கலவா மீனில் ராட்சத வகை, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் வருபவை, தொடாதீர்கள்.

இன்னொன்று. உங்களோடு முங்குகிறவரிடம் என்ன ஃபின் இருக்கிறது? அவர் குட்டை ஃபின்னோடு மேலே நின்றால் நீங்கள் பதினைந்து மீட்டரில் மயங்கும்போது அவரால் எட்ட முடியாது. ஒரு ஜோடி கார்பன் வாங்கும் பணத்துக்கு இரண்டு ஜோடி ஃபைபர் கிளாஸ் கிடைக்கும் என்றால் நான் இரண்டு ஜோடிதான் வாங்குவேன்.