அடக்கச் செலவுக்கு வாங்கிய கடன்

கேள்வி: எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேசுவதற்காக, மாசசூசெட்ஸின் சேலம் கிராமத்தில் 1680 முதல் போதகராக இருந்த ஜார்ஜ் பரோஸைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். சம்பளம் வராததால் ஊரைவிட்டுப் போனவர், 1683இல் கணக்குத் தீர்க்கத் திரும்பி வந்தபோது கடனுக்காகக் கைதானார். இடையில் மனைவி இறந்து, அடக்கச் செலவுக்கு ஜான் புட்னமிடம் கடன் வாங்கியிருக்கிறார். பணத்தாசைக்கு இவரை உதாரணமாகச் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. ஊழியக்காரர் சம்பளம் கேட்கலாமா என்ற கேள்வி எனக்குப் பல உருவங்களில் வந்திருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் கொடுக்க வேண்டியவர்களாகவே இருக்கிறார்கள்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன அந்த அடக்கச் செலவில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. 1681இல் அவருடைய மனைவி ஹன்னா இறந்தபோது, ஹார்வர்டில் படித்தவரும் சிறு பிள்ளைகளின் தகப்பனுமான அந்த மனிதர், தாம் பிரசங்கித்துக்கொண்டிருந்த ஊரிலேயே, மனைவியை நல்லடக்கம் செய்ய இன்னொருவரிடம் ஏன் கைநீட்டினார் என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? வீட்டுக்கு வீடு வரி வசூலித்துப் போதகருக்குக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்ட ஊர், தனக்குள் சண்டை போட்டுக்கொண்டு அந்தப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தது. அவர் பட்ட கடனைவிட ஊர் அவருக்குத் தர வேண்டிய பாக்கி அதிகம். அப்படியிருந்தும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புட்னம் அவரைக் கைது செய்யவைத்தார். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. பாக்கியை வாங்கிக் கடனை அடைக்க வந்தவரிடம் நீங்கள் காணும் ஆசை எது? மனைவியின் அடக்கக் கடனைத் தீர்ப்பது கணவனின் கடமை. அதைச் செய்யவிடாமல் தடுத்த ஊரை விட்டுவிட்டு, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

ஏற்கெனவே ஒருமுறை அவரை அப்படி ஏற்றியிருக்கிறார்கள். 1692இல் அதே புட்னம் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, அவருடைய இறந்த மனைவியர் இருவரும் ஆவியாகத் தோன்றி, தங்களைக் கொன்றவர் அவரே என்று சொன்னதாகச் சாட்சியம் அளித்தாள். கடன் வாங்கி அடக்கம் செய்த மனைவியின் பெயராலேயே குற்றம் சாட்டப்பட்டு, அந்த ஆண்டு ஆகஸ்டு 19 அன்று சூனியக்காரர் என்று அவர் தூக்கிலிடப்பட்டார். 1711இல் அரசு அவர் குடும்பத்துக்கு 50 பவுண்டு இழப்பீடு வழங்கியது.

பரோஸ் போன பிறகும் அந்த ஊர் திருந்தவில்லை. பின்னால் வந்த போதகர் சாமுவேல் பாரிஸின் சம்பளத்துக்கு வரி விதிக்க 1691இல் ஊர்க்குழு மறுத்தது. நடுவர்கள் தலையிட்டு 79 பவுண்டுக்கு மேல் பாக்கி கொடுக்கச் சொன்ன பிறகே, 1697இல் அந்தத் தகராறு ஓய்ந்தது. பாரிஸ்மேல் எனக்கு மதிப்பு கிடையாது. பரோஸைத் தூக்கில் ஏற்றிய 1692ஆம் ஆண்டுச் சூனியப் பழி அவர் வீட்டிலிருந்துதான் கிளம்பியது. ஆனாலும் பேசிய சம்பளம் பேசிய சம்பளம்தான்.

உங்கள் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, உங்கள் போதகருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று சபைப் பொருளாளரிடம் கேளுங்கள். பாக்கி இருந்தால் அதைக் கொடுத்து முடித்த பிறகு வாலிபர் கூட்டத்தைக் கூட்டுங்கள்.