கட்டுரையில் எடுத்துக்காட்டு: எத்தனை, எது, எப்படி?

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளைத் தமிழில் எழுதப்போகிறவர்கள் கேட்டவை.

கேள்வி: சார், ஒரு கட்டுரைக்கு எத்தனை உதாரணம் போடலாம்?

பதில்: 1,000 முதல் 1,200 சொல் என்றால் ஏறக்குறைய எட்டுப் பத்தி வரும். முன்னுரை, முடிவுரை போக மிஞ்சும் ஆறில் பத்திக்கு ஒன்று போதும். இரண்டை மட்டும் விரித்து எழுதுங்கள், மற்றவை ஒரே வரி. பெயர்களை அடுக்கினால் பொது அறிவுத் தாள் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: "சென்னையின் சிக்கல் மழை அல்ல, சேமிப்பு" என்பது என் வாதம். 2015 வெள்ளத்தை உதாரணம் காட்டினேன். "தொடர்பில்லை" என்று திருத்தியிருக்கிறார்கள். ஏன்?

பதில்: திருத்தியவர் சொன்னது சரி. அந்த வெள்ளம் மழை கொட்டியதைத்தான் காட்டுகிறது. சேமிக்கவில்லை என்பதற்கு மறுபாதி வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: "2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நீரைத் தாங்கியிருக்க வேண்டிய ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சுருங்கிப்போனதால், பெய்த மழை தங்கவில்லை." இரண்டாவது வாக்கியம்தான் உதாரணத்தை வாதத்தோடு கட்டுகிறது. பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

கேள்வி: ஆனால் 2018 வடகிழக்குப் பருவமழையே பொய்த்ததே, சார்?

பதில்: நல்ல கேள்வி. திருத்துபவருக்கும் அது தெரியும், மறைக்காதீர்கள். "2018-ல் மழை பொய்த்தது உண்மை, முந்தைய ஆண்டுகளின் நீர் தேங்கியிருந்தால் தாக்கம் குறைந்திருக்கும்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். மைய வாதத்தையும் "மழைக் குறைவு மட்டும் காரணமல்ல" என்று சுருக்குங்கள். சுருங்கிய வாதத்தை அசைப்பது கடினம்.

கேள்வி: எனக்குக் காந்தி, கலாம் தவிர யாரும் நினைவுக்கு வருவதில்லை.

பதில்: காந்தியே போதும், பெயரோடு நிறுத்தாமல் செயலைச் சொன்னால். "காந்தி மக்களைத் திரட்டினார்" என்பதை யாரும் எழுதலாம். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து நடந்து, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். உப்பு வரி ஏழை வீட்டு அடுப்படி வரை தொட்டதால் போராட்டம் எல்லோருக்கும் புரிந்தது. இதில் "ஏன்" இருக்கிறது. போராட்டம், தலைமை, வரி என மூன்று தலைப்புக்கு இதே உதாரணம் உதவும். கட்டும் வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேர்வறையில் ஆண்டு மறந்துபோனால்?

பதில்: "1930-களின் தொடக்கத்தில்" என்று எழுதுங்கள். குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போடாதீர்கள். அது தப்பென்று தெரிந்தால், சரியாக எழுதிய மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.