நூலில் கட்டிய படிகம் ஏன் கரைந்துபோகிறது?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுடன் சேர்ந்து படிகாரத்தில் படிகம் வளர்க்க முயன்றோம். தட்டில் கிடைத்த சிறு படிகத்தை நூலில் கட்டிக் கரைசலில் தொங்கவிட்டால், மறுநாள் பிற்பகலில் நூல் மட்டுமே மிஞ்சுகிறது. பாட்டிலைப் படுக்கையறையில் வைத்திருக்கிறோம். இரவில் ஏசி ஓடும். அறிவியல் கண்காட்சிக்கு மூன்று வாரங்களே உள்ளன. கடைக்காரர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அடங்கிய ஒரு பெட்டியைக் காட்டி, இதில் உறுதியாக வரும் என்கிறார். வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். படிகாரமே போதும். கோளாறு நீங்கள் பாட்டிலை வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

படிகாரம் வெந்நீரில் மிக அதிகமாகவும் குளிர்ந்த நீரில் குறைவாகவும் கரையும். 100 மி.லி. தண்ணீரில் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 11 கிராம் கரையும். 30 டிகிரியில் 16 கிராமுக்கு மேல். 60 டிகிரியில் 50 கிராமையும் தாண்டும். ஏசி அறையில் இரவு முழுவதும் குளிர்ந்த கரைசல், தான் தாங்க முடியாத படிகாரத்தை அடியில் உதறிவிடுகிறது. ஏசியை அணைத்த பின் மதுரை வெயிலில் அறை சூடேறும்போது, அதே கரைசலுக்கு மேலும் கரைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் உங்கள் விதைப் படிகத்தை, அதாவது நூலில் கட்டிய சிறு படிகத்தை, அது கரைத்துவிடுகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. இத்தகைய ஆய்வுக்கூடங்களில் கரைசலிலிருந்து படிகம் வளர்ப்பவர்கள் வெப்பநிலையை அசையாமல் வைப்பதற்கே பெரும்பாடு படுகிறார்கள். மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்ட, பத்து மீட்டருக்கும் நீளமான ஜிப்சம் படிகங்கள் அந்த அளவுக்கு வளர்ந்ததற்கும், சூடான நிலத்தடி நீர் நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்ததுதான் காரணம்.

ஆகவே பாட்டிலை ஏசி இல்லாத உள்ளறையில், தரையோடு ஒட்டிய தட்டில், ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் வையுங்கள். சுற்றியுள்ள தண்ணீர் பகல் இரவு ஏற்ற இறக்கத்தைத் தணித்துவிடும். பலர் ஃபிரிட்ஜின் மேல் வைக்கிறார்கள். அங்கே சூடும் அதிர்வும் சேர்ந்தே இருப்பதால் அது வேண்டாம்.

கரைசலைத் தயாரிக்கும் விதத்திலும் ஒரு மாற்றம் தேவை. 250 மி.லி. கேன் தண்ணீரைச் சூடாக்கி 60 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. அலுமினியப் பாத்திரம் கூடாது. சூடாக இருக்கும்போதே விதையைத் தொங்கவிட்டால் அது கரைந்துதான் போகும். எனவே மூடி வைத்து, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, அடியில் படிகாரம் படிந்த பிறகு, மறுநாள் பிற்பகலில், அதாவது அறை மிகச் சூடாக இருக்கும் நேரத்தில், மேலே நிற்கும் தெளிந்த கரைசலை மட்டும் வேட்டித் துணியில் வடித்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். அன்றைய உச்ச வெப்பத்திற்கு நிறைவுற்ற, அதாவது அந்தச் சூட்டில் இனி எதையும் கரைக்க இடமில்லாத கரைசல் என்பதால் அது விதையைத் தொடாது. நூலுக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு அல்லது ஒரு நீளமான தலைமுடியைப் பயன்படுத்துங்கள்; பருத்தி நூலின் ஒவ்வொரு பிசிறிலும் ஒரு படிகம் முளைத்து, விதைக்குப் போக வேண்டியதைப் பங்கு போட்டுக்கொள்ளும். பாட்டிலின் வாயை மெல்லிய துணியால் மூடினால் தூசி விழாது, தண்ணீரும் மெதுவாக ஆவியாகும்.

விதையை இறக்கியவுடன் உங்கள் மகளை விளக்கு வெளிச்சத்திற்கு எதிரே பாட்டிலைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விதையிலிருந்து கானல்போல் நெளியும் மெல்லிய கோடுகள் கீழ்நோக்கி இறங்கினால் அது கரைந்துகொண்டிருக்கிறது. உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். கோடுகள் மேல்நோக்கி எழுந்தால் படிகம் வளர்கிறது, அதன் அருகே படிகாரத்தை இழந்த கரைசல் இலேசாகி மேலே போகிறது. கண்காட்சியில் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த செய்தி வேறில்லை.

படிகாரத்தை எங்கே வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பொரித்த படிகாரத்தூள் நமக்கு ஆகாது. குடிநீர் தெளியவைக்கப் பயன்படும், பழுப்பேறிய, ஒளி புகாத பாளத்தையும் ஆலம் என்ற படிகாரத்தின் ஆங்கிலப் பெயரிலேயே விற்பார்கள்; அது பெரும்பாலும் அலுமினியம் சல்பேட், அதில் படிகாரத்துக்கே உரிய எட்டு முகப் படிகம் வராது. அழகான படம் அச்சிட்ட பெட்டிகளில் உள்ள வெள்ளைத் தூளோ பல நேரங்களில் சாயம் சேர்த்த மோனோ அமோனியம் பாஸ்பேட், அதாவது உரக்கடையில் 12:61:0 என்று கிடைக்கும் அதே உரம். மூட்டையில் வாங்கியதைச் சிட்டிகை சிட்டிகையாகப் பிரித்துப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கண்காட்சிக் காலத்தில் வளர்ந்து முடிந்த படிகத்தையே பெற்றோரிடம் விற்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ஒரு வாரம் முன்பு அறிவித்துவிட்டு, பளபளப்பைப் பார்த்துப் பரிசு கொடுக்கும் பள்ளிகள் இருக்கும்வரை அவர்கள் வியாபாரம் குறையாது. குழந்தை என்ன கவனித்தது என்று ஒரு கேள்வியாவது கேட்கும் நடுவரைக் காண்பது அரிதாகிவிட்டது.

மயில்துத்தம் விழுங்கினால் நஞ்சு. கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு. மீதியைச் சாக்கடையில் ஊற்றினால் மீனுக்கும் கேடு. வீட்டில், அதுவும் சமையலறையில், கூடவே கூடாது. ஏழாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் காப்பர் சல்பேட் படிகச் சோதனை இருந்ததே என்று கேட்பீர்கள். அது ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டிய சோதனை. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் அருகே நிற்க, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, மீந்த கரைசலைத் தனிக் குப்பியில் சேகரித்து, படிகத்தை மூடிய சீசாவிலேயே காட்சிக்கு வைப்பதானால் மட்டும் அதை ஏற்கலாம். ஆசிரியர் பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டாலோ கையுறை ஒருவருக்கு மட்டும் இருந்தாலோ அந்த விலக்கு பொருந்தாது. காணொலிகளில் வரும் வெண்காரமும் (போராக்ஸ்) சிறுபிள்ளைகளின் கைக்கு ஏற்றதன்று.

சமையல் உப்பில் செய்யலாமா என்றால், 100 மி.லி. தண்ணீரில் 20 டிகிரியில் 36 கிராமும் 100 டிகிரியில் 39 கிராமும்தான் கரையும் என்பதால், ஆறவைத்துப் பயனில்லை; தூத்துக்குடி உப்பளத்தைப்போல ஆவியாகக் காத்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் படிகாரமே உங்களுக்கு ஏற்றது.

படிகம் போதிய அளவு வளர்ந்ததும் வெறும் கையால் தொடாமல் எடுத்து, துணியில் ஒற்றி, நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகப் பூசிவிடுங்கள். இல்லையென்றால் வறண்ட காற்றில் நீரிழந்து முகங்கள் வெளுத்துவிடும். அடியில் படிந்த தூளையும் மீந்த கரைசலையும் கொட்ட வேண்டாம். மீண்டும் சூடாக்கினால் அடுத்த விதைக்கு உதவும்.