பாட்டி இருக்கட்டும், கதவைத் திறங்கள்

கேள்வி: சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து மாதாமாதம் ஏற்காடு மலைக் கிராமங்களுக்குப் போர்வை, அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறோம். போன முறை ஒரு பாட்டி போர்வையைப் புரட்டிப் பார்த்து, “இது எதுக்கு சாமி?” என்றார். மனசு விட்டுப்போய்விட்டது. நன்றியில்லாத இடத்தில் சேவையை எப்படித் தொடர்வது? வீட்டிலும் நிம்மதியில்லை. அம்மா பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருஷம். முதுகுப் புண் வாடை கூடத்துக்கு வருவதால் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம். பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறது.
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: பாட்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கதவு.

படுக்கைப் புண் வயசானதால் வருவதில்லை. ஒரே பக்கமாகக் கிடந்து, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு வருவது. சம்பளத்துக்கு வரும் ஆள் பகலில் புரட்டுவார். ராத்திரி யார் புரட்டுகிறார்கள்? பெற்ற பிள்ளை நீங்கள்தான் செய்ய வேண்டும். மனைவி தலையில் கட்டாதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். இழுத்தால் தோல் உரியும். அடியில் பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, இரண்டு பேராகத் தூக்குங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அடுத்த புண் அங்கேதான். அதைத் தேய்க்காதீர்கள். ஏர் பெட் வாங்கியதும் புரட்டுவதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தப்பு. புண் கழுவ, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு. காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்த்தால் புதுச் சதையும் கூடவே வரும். அந்த உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து எடுங்கள். வாடைக்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்து இருக்கிறது, டாக்டரைக் கேட்டு மட்டும். சதை கறுத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

புரட்டும்போது அம்மா முகத்தைப் பாருங்கள். எங்கே கை வைத்தால் புருவம் சுருங்குகிறது? அதைக் கவனிக்காதவர் மலையில் எதைக் கொடுத்தாலும் குத்துமதிப்புதான்.

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, நோயாளி வீட்டில் போய் உட்காரவைத்தது. உட்கார்ந்தால்தானே தெரியும், ஒரு வீட்டில் தேவை வலி மாத்திரை, அடுத்த வீட்டில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று!

இப்போது பாட்டி. நன்றிகெட்டா பேசினார்? உங்கள் குழுவிடம் இதுவரை வந்த ஒரே உருப்படியான கேள்வி அது. பழைய போர்வையே இன்னும் பிரிக்காமல் இருக்கலாம். முட்டிவலிக்கு மருந்து வாங்கக் கீழே இறங்க முடியாமல் இருக்கலாம். கேட்டால்தானே!

இரண்டு மாதம் மலை ஏறாதீர்கள். அப்புறம் இரண்டே பேர் போங்கள். மூட்டை வேண்டாம், பேனர் வேண்டாம், போட்டோ எடுக்கிறவர் வேண்டவே வேண்டாம். மருந்து எங்கே வாங்குறீங்க, ராத்திரி முடியாமப் போனா யாரைக் கூப்பிடுவீங்க என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதுவரை, போர்வைக்கு நீங்கள் போடும் பங்கில் அம்மாவுக்கு நாலு தலையணை வாங்கலாம்.