விதை முளைக்காத பிள்ளை கெட்ட நிலமா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை (பாதையோரம், கற்பாறை, முள்ளுள்ள இடம், நல்ல நிலம் என நான்கு இடங்களில் விதை விழுகிறது, நல்ல நிலத்தில் மட்டும் பலன் தருகிறது) சொல்லி முடித்து, ஆளுக்கொரு தொட்டியில் பயறு விதைக்க வைத்தேன். ஒரு சிறுவனுடையது மட்டும் முளைக்கவில்லை. "அப்போ நான் கெட்ட நிலமா, அக்கா?" என்று அழுதுவிட்டான். விதை உவமைகளை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அவனிடம் உண்மையான காரணத்தைப் பேசுங்கள். தண்ணீர் அதிகமானால் விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். சில விதைகள் பழசாகி உயிரற்றுப் போயிருக்கும். இதில் அவன் குணத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். அடுத்த முறை ஆளுக்கொரு தொட்டி வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தட்டில் நிறைய விதையுங்கள்.

உவமைக்கு வருவோம். மாற்கு சுவிசேஷத்தின் 4-ம் அதிகாரத்தில் இயேசு "கேளுங்கள்" என்றுதான் தொடங்குகிறார். பின்னால் தரும் விளக்கத்தில் நான்கு நிலங்களுமே வசனத்தை, அதாவது கடவுளின் வார்த்தையை, கேட்கின்றன. கேட்கும் விதம்தான் வேறுபடுகிறது. ஆகவே "நீ எந்த நிலம்?" என்ற கேள்வியை நான் பிள்ளைகளிடம் கேட்கவே மாட்டேன். அது பிள்ளைகளைத் தரம் பிரிக்கிற கேள்வி. "இன்றைக்கு எப்படிக் கேட்டாய்?" என்று கேளுங்கள். காலையில் பாதையோரமாக இருந்த பிள்ளை சாயங்காலம் நல்ல நிலமாக இருக்கலாம், நாமும் அப்படித்தானே?

கற்பாறை நிலத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். கல்லும் மண்ணும் கலந்த இடம் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். அடியில் பாறை, மேலே மெல்லிய மண் என்பதுதான் அது. மேலே பார்த்தால் எல்லா மண்ணையும் போலத்தான் இருக்கும். விதை சீக்கிரமாகவே முளைக்கும், ஆனால் வேர் இறங்க ஆழம் கிடையாது. பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்கலாம்: பாதை ஏன் இறுகிப்போனது? பலர் மிதித்ததால்தானே! உவமை இதைச் சொல்லவில்லை, நான் சேர்ப்பது. ஆனால் வீட்டிலோ பள்ளியிலோ மிதிபட்ட பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருந்தால் அதற்கு உடனே புரியும். அங்கே அவசரப்படாமல் நின்று பேசுங்கள்.

என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது விதைக்கிறவன் உவமையே அல்ல. மாற்கு 4:26-29-ல் ஒரு சின்ன உவமை இருக்கிறது, நான்கு சுவிசேஷங்களில் மாற்குவில் மட்டும்தான். ஒருவன் விதைக்கிறான், தூங்குகிறான், எழுந்திருக்கிறான். எப்படி என்று அவனுக்கே தெரியாமல் விதை வளர்கிறது. முதலில் முளை, பிறகு கதிர், அப்புறம் கதிர் நிறைய தானியம். விளைந்ததும் அரிவாளோடு வருகிறான். அவன் சோம்பேறி இல்லை. விதைப்பதும் அறுப்பதும் அவன் வேலை. வளரச் செய்வது மட்டும் அவன் கையில் இல்லை. முளைத்ததா என்று தினமும் மண்ணைக் கிளறும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. கிளறினால் இளம் வேர் ஒடிந்துவிடும் என்பதையும் தட்டைக் காட்டியே சொல்லலாம். "எவ்வளவு ஜெபித்தும் நான் மாறவே இல்லையே" என்று தவிக்கும் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கும் இதே உவமைதான். அவர்களுக்கு அறிவுரை சேர்க்காமல் அதை மெதுவாக இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள், போதும்.

சின்னக் கடுகு விதை பெரிய செடியாக வளரும் உவமைக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. உள்ளங்கையில் ஒரு விதையை வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். மத்தேயு 13-ல் வரும் களைகளின் உவமையை இவற்றோடு ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். விதைக்கிறவன் உவமையில் விதை என்பது வசனம். களைகளின் உவமையிலோ நல்ல விதை என்பது ராஜ்யத்தின் பிள்ளைகள், அதாவது கடவுளின் ராஜ்யத்துக்கு உரிய மனிதர்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் பிள்ளை குழம்பிப்போகும். சில வாரங்கள் கழித்து அதை எடுக்கும்போது, களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரர்களை எஜமான் தடுத்தார் என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்.