மைதானத்தில் நிற்கிற எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், பிறகு வர்ணனையாளர் எதற்கு?

இதே கேள்வியை என் மனைவி பல வருடமாகக் கேட்கிறாள். அவளுக்குச் சிரித்து மழுப்பிவிடுவேன். இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் திருகோணமலைக்காரன். பகலில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் மைக் பிடிக்கிறவன். இந்த வருடம் என் கொப்பியை எண்ணிப் பார்த்தேன்: 94 நாள். உதைபந்து, மென்பந்து கிரிக்கெட், வலைப்பந்து, கரப்பந்து, எல்லே (தடியால் பந்தடித்து ஓடுகிற எங்கள் நாட்டு ஆட்டம்), பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள், சித்திரை விழாவில் வழுக்குமரம் ஏறுவது வரைக்கும். இப்படி ஒரு வருடம் எனக்கு வந்ததே இல்லை. இப்போது வாடை மழையில் மைதானமெல்லாம் குளமாகக் கிடக்கிறது, அதனால்தான் எழுத நேரம்.

சின்ன வயதில் அப்பாவின் ட்ரான்சிஸ்டரில் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தேன். பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும். கரகரப்புக்கு நடுவே அப்துல் ஜப்பாரின் குரல் வரும். வீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், பந்து எங்கே குத்தியது, களத்தடுப்பாளர் எத்தனை அடி ஓடினார், எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கேட்கிறவனுக்குக் காதைத் தவிர வேறொன்றும் இல்லையே. நானும் மைக் பிடித்த புதிதில் அப்படியே செய்தேன். மெக்கெய்சர் மைதானத்தில் ஒரு உதைபந்தாட்டம். "வலது பக்கமாகப் பந்தை எடுத்துச் செல்கிறார், ஒருவரைக் கடக்கிறார், இன்னொருவரையும் கடக்கிறார்" என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்தார். "தம்பி, கடக்கிறது எங்களுக்கும் தெரியுது. அவன் ஆருடைய மகன் எண்டு சொல்லு."

கேள்விக்குப் பதில் அதுதான். ஊர் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் தேவையில்லை. ஆர் என்று சொல்லத்தான் ஆள் தேவை.

சொல்ல லேசு. கிண்ணியாவில் நோன்பு மாதத்தில், தறாவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகு லைட் போட்டு விளையாடுவார்கள். 2009இல் பாலம் திறக்க முன்னர் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும், இரவு ஆட்டமென்றால் அங்கேயே படுக்க வேண்டியதுதான் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இப்போது 396 மீட்டர் பாலம், மோட்டார் சைக்கிளில் வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இல்லை. போய் அணிப் பட்டியலை வாங்கினால் எம்.என்.எம்., எம்.ஆர்.எம்., எம்.ஐ.எம். என்று பாதிப் பேருக்கு முதலெழுத்துகள் ஒன்றுக்கொன்று தம்பி மாதிரி இருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்னர் போய், உடம்பைச் சூடாக்குகிற பெடியன்களிடம் "உங்களை மைதானத்துக்குள்ள என்னெண்டு கூப்பிடுவாங்க?" என்று கேட்டு எழுத வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னால்தான் சனம் கைதட்டும். பிறப்பத்தாட்சிப் பெயரைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சில நேரம் அவனே பார்க்க மாட்டான்.

இப்போது இன்னொரு கூட்டமும் கேட்கிறது. எந்தச் சுற்றுப்போட்டி என்றாலும் ஒருவர் போனைக் கம்பத்தில் கட்டி பேஸ்புக் லைவ் போட்டுவிடுகிறார். ஸ்காபரோவிலும் லண்டனிலும் கட்டாரிலும் இருந்து பார்க்கிறார்கள். சின்னத் திரையில் எல்லாரும் எறும்பு அளவு. அவர்களுக்கு என் குரல்தான் கண்ணாடி. இங்கே நான் சொன்னது அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும், ஆனால் பிழைவிட்டால் மட்டும் உடனே போய்விடுகிறது போலிருக்கும்.

ஆனி மாதத்தில் அப்படி ஒரு பிழை விட்டேன். ஊர்ச் சுற்றுப்போட்டி ஒன்றின் அரையிறுதி. இரண்டாம் பாதியில் 11ஆம் இலக்கப் பெடியன் வெளியே வந்தான். உள்ளே போனவனுக்கு வேறு ஜேர்சி இல்லை, வந்தவன் கழற்றிக் கொடுத்ததையே போட்டுக்கொண்டு இறங்கினான். பெரிய போட்டிகளில் இதை விட மாட்டார்கள், ஊரில் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் அனுசரணையாளர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோர்னரில் வந்த பந்தை 11 தலையால் இடித்தான். கோல். நான் எழும்பி நின்று, வெளியே போனவனின் பெயரை நாலு தரம் கத்தினேன். வெளியே போனவனோ என் மேசைக்குப் பக்கத்தில் வெறும் மேலோடு தண்ணீர் குடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

லைவில் ஒரு கொமென்ட் வந்தது: "அண்ணா அது என்ட மகன்." அவர் கட்டாரில் வேலை முடிந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தவராம். உடனே திருத்திச் சொன்னேன். ஆனால் கோல் விழுந்த துண்டை மட்டும் யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். அது இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, என் குரலும் பிழையான பெயருமாக. ஆட்டம் முடிந்து அந்தப் பெடியனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா, ஜேர்சி அவன்டதானே" என்றான்.

அதற்குப் பிறகு இலக்கத்தை நம்புவதில்லை. கொப்பியில் பெயருக்கு நேரே "ஒரேஞ்ச் பூட்ஸ்", "இடது முழங்காலில் பட்டி", "முன்மயிருக்கு மஞ்சள் சாயம்" என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். பேனை வேண்டாம், வேர்வையில் ஊறிவிடும். பூட்ஸையும் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை ஆவணியில் கண்டுபிடித்தேன். இப்போது நடையைப் பார்க்கிறேன். நடையை இதுவரைக்கும் ஒருவனும் இரவல் கொடுக்கவில்லை.

எல்லேயில் எனக்கு அவ்வளவாக வேலையில்லை. மூங்கில் தடியில் பந்து பட்ட சத்தத்துக்கே சனம் கத்திவிடும்.

வலைப்பந்துதான் என்னைக் கொல்வது. ஜேர்சியில் இலக்கமே கிடையாது. நெஞ்சிலும் முதுகிலும் நிலையைக் குறிக்கும் ஜீ.எஸ். (கோல் சூட்டர்), ஜீ.ஏ. (கோல் அற்றாக்), சீ (சென்ரர்) என்ற எழுத்துதான். ஒரு பிள்ளை முதல் கால்பகுதியில் ஜீ.ஏ., இடைவேளையில் பட்டியை மாற்றிக்கொண்டு வந்தால் விங் அற்றாக். பந்தை மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. பெயரைச் சொல்லி முடிக்க முன்னர் பந்து மூன்று கை மாறிவிடும். இதில் ஒரு சோம்பேறித்தனமும் உண்டு, நானும் செய்திருக்கிறேன்: உயரமான பிள்ளை யாராவது வந்தால் "எங்கள் ஊரின் தர்ஜினி சிவலிங்கம்" என்றுவிடுவது. தர்ஜினி 208 சென்ரிமீற்றர், 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடியவர். பதினாறு வயதுப் பிள்ளையைப் போய் அவரோடு கட்டிவிட்டால் அவளுக்கென்று ஒரு பெயர் எப்போது வரும்? இந்த வருடம் அதை நிறுத்திவிட்டேன்.

பெயரைச் சொல்லாமல் விடுவதும் இந்த வேலையில் ஒரு பாதி என்று புரிந்தது மாசியில். ஒரு பாடசாலை இல்லப் போட்டி. அணிநடை, சுடரேற்றல், பிரதம அதிதி உரை எல்லாம் இழுத்தடித்து 1500 மீற்றர் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எல்லாரும் ஓடி முடித்த பிறகு ஒரு பெடியன் மட்டும் தனியாக ஒரு சுற்று ஓட வேண்டியிருந்தது. நான் உருகிப்போய் அவன் பெயரை, வகுப்பை, இல்லத்தை எல்லாம் சொல்லி, "இவருக்கு ஒரு பலத்த கரகோஷம் கொடுங்கள்" என்றேன். முழு மைதானமும் தட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது. பரிசளிப்பு முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவன் வந்து நின்றான். கோபம் ஒன்றுமில்லை.

"சேர், என்ட பேரை ஏன் சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவனுடைய வகுப்புப் பெடியன்கள் தூரத்தில் என் குரலிலேயே "பலத்த கரகோஷம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கடைசியாக ஓடுகிறவருக்கு "ஓட்டம் இன்னும் முடியவில்லை, தயவுசெய்து தடத்துக்குள் இறங்க வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறேன். அதுவும் தேவையான அறிவிப்புத்தான். தண்ட உதையை வெளியே அடித்தாலும் அப்படியே. கோல் என்றால் பெயர், வெளியே என்றால் பந்து. "பந்து கம்பத்துக்கு மேலால்" என்று பந்தின் மேல் பழியைப் போட்டுவிடுவேன். தன் பக்கத்துக்கே கோல் அடித்தவன் பெயரைச் சத்தியமாகச் சொல்ல மாட்டேன். அவன் அம்மாவும் எங்கேயோ இருந்து பார்க்கிறாள்.

(தண்ட உதை என்று இங்கே எழுதிவிட்டேனே தவிர, அந்த நேரம் வாயில் வருவது "பெனால்டி"தான். நல்ல தமிழ் இடைவேளையில் வரும்.)

மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. வைகாசியில் தொடங்கி கச்சான் காற்று அடிக்கிறபோது ஒலிபெருக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி மைதானத்துக்குக் கேட்காது. மைக்கில் ஊ என்ற இரைச்சல். அதற்கு வாங்கின பஞ்சு உறை இரண்டு நாளில் தொலைந்தது, பிறகு மகளின் பழைய காலுறையைத்தான் மாட்டியிருந்தேன், பூப்போட்டது. ஒரு பின்னேரம் கோட்டைப் பக்கத்து மான்கள் நாலைந்து ஆட்டத்துக்குள் இறங்கி, கோல் பெட்டிக்குள் நின்று புல் மேய்ந்தன. மத்தியஸ்தர் விசில் ஊதினார், அவை அசையவில்லை. நான் சொல்ல ஒன்றுமில்லாமல் "மான் அணியில் மாற்று வீரர் ஒருவர் உள்ளே வருகிறார்" என்றேன். இந்த வருடம் என் வர்ணனையில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

காசைப் பற்றிக் கேட்பீர்கள். பெற்றோல் காசும் ஒரு சோற்றுப் பார்சலும். சில கழகங்கள் மரியாதையாகக் கவரில் தருவார்கள், சிலர் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். பொன்னாடை வீட்டில் பதினொன்று இருக்கிறது.

நேற்று ஒரு பாடசாலையிலிருந்து போன் எடுத்தார்கள், மழை விட்டதும் மாசியில் இல்லப் போட்டியாம். பெயர்ப் பட்டியலை ஒரு நாள் முன்னமே அனுப்பச் சொன்னேன். "கட்டாயம் அனுப்புறம் சேர்" என்றார்கள். போன வருடமும் இப்படித்தான் சொன்னார்கள்.