அத்தானும் அகத்திய நட்சத்திரமும்

அன்புள்ள ஐயா,

கிரகணங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை. பூமி தட்டை என்று என் அத்தான் சொல்லத் தொடங்கி ஒரு வருடமாகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு வீடியோ வந்து விழுகிறது. விண்வெளிப் படங்களைக் காட்டினால், “எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது, என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்” என்கிறார். இரண்டு ஊர்களில் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கண்ட பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் கணக்கைச் சொன்னேன். அதற்கும் ஒரு வீடியோ வைத்திருக்கிறார். டெல்லியில் இருக்கும் அண்ணனும் மெல்போர்னில் இருக்கும் சித்தி மகளும் குழுவை விட்டே போய்விடுவோம் என்கிறார்கள். டெலஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தே அவருக்குக் காட்ட வழி உண்டா? காட்டினால் மாறுவாரா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

அண்ணனையும் சித்தி மகளையும் குழுவிலேயே இருக்கச் சொல்லுங்கள். அவர்கள் போய்விட்டால் காரியம் கெட்டது. இதற்கு டெலஸ்கோப் வேண்டாம்; தூரத்து ஊரில் ஒரு சொந்தக்காரர் வேண்டும்.

முதலில் அத்தான் பக்கத்து நியாயம். எரட்டோஸ்தனிஸ் விஷயத்தில் அவர் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. இரண்டே ஊர்களின் நிழல் மட்டும் கையில் இருந்தால், உருண்டைப் பூமிக்கு வெகுதொலைவில் ஒரு சூரியன் என்றும் சொல்லலாம். தட்டைப் பூமிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சின்னச் சூரியன் என்றும் சொல்லலாம். மூன்றாவது ஊர் வந்தால்தான் கணக்கு உதைக்கும். பள்ளியில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால்தான் வீடியோக்காரர்கள் சுலபமாக ஜெயிக்கிறார்கள்.

சரி, அந்தச் சின்னச் சூரியனையே எடுத்துக்கொள்வோம். 5,000 கி.மீ. உயரத்தில் இருப்பது 20,000 கி.மீ. தள்ளிப் போனாலும் தொடுவானத்துக்கு மேலே 14 டிகிரியில் நிற்கும். தெருவிளக்கை விட்டு எவ்வளவு தூரம் நடந்தாலும் விளக்கு தாழ்ந்துகொண்டே வருமே தவிர, சாலைக்கு அடியில் இறங்காது. அப்படியென்றால் அஸ்தமனமே கிடையாது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குப் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இனி வேலைக்கு வருவோம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. பெரிய கைக்காரருக்குக் கையும் நீளமாக இருப்பதால், கிட்டத்தட்ட எல்லோருக்கும் இதே அளவுதான். பிப்ரவரி இரண்டாம் வாரம், இரவு 9 மணி சுமாருக்குத் தெற்கே பாருங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, நட்சத்திரங்களிலேயே பிரகாசமான சிரியஸ். அதற்கும் கீழே, பிரகாசத்தில் இரண்டாவதான அகத்திய நட்சத்திரம். வெளிநாட்டில் கனோபஸ் என்பார்கள். நாகர்கோவிலில் அது தொடுவானத்துக்கு மேலே மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும். அப்படியே வடக்கே திரும்பினால் துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டிக்கும் கீழே, 8 டிகிரியில். தென்னை மரங்களும் மூட்டமும் விட்டால் தெரியும்.

டெல்லியில் இது தலைகீழ். அங்கே மூன்று வருடம் இருந்தேன். முதல் குளிர்காலத்தில் மொட்டை மாடிக்குப் போய் அகத்தியரைத் தேடினேன். எங்கள் ஊரில் பனைமரத் தலைகளுக்கு மேலே தாராளமாக நின்றவர், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், ஒரு முஷ்டிகூடத் தேறாத உயரத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தார். துருவ நட்சத்திரமோ கிட்டத்தட்ட மூன்று முஷ்டி ஏறியிருந்தது. ஒன்று 20 டிகிரி ஏற, மற்றது 20 டிகிரி இறங்கியிருக்கிறது. உங்களுக்கு ஒரு வசதி: நாகர்கோவிலும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அண்ணனும் அத்தானும் போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் அளக்கலாம்.

வழியில் எங்கே நின்று அளந்தாலும் வடக்கே 111 கி.மீ.க்கு ஒரு டிகிரி வீதம் சீராக மாறும். தெருவிளக்குக் கணக்கில் இந்தச் சீர் வராது. இதே அகத்திய நட்சத்திரம் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் தொடுவானத்தைத் தொட்டுவிட்டு மறைகிறது, எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் ஏழரை டிகிரி எழுகிறது என்று வைத்துக்கொண்டுதான் கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

மெல்போர்ன் சித்தி மகளுக்குத் துருவ நட்சத்திரம் என்றுமே தெரியாது. தெற்கே திரும்பினால், நாம் திரிசங்கு என்கிற தெற்குச் சிலுவை ஒரு புள்ளியைச் சுற்றி வருவது தெரியும். ஜூன் மாத நீண்ட இரவில் அதே நேரத்தில் கேப் டவுனிலும் தெற்கே திரும்பினால் அதே சிலுவை, அதே புள்ளி. தட்டைப் பூமி வரைபடத்தில் வட துருவம் நடுவில் இருக்கும். தெற்கு என்பது விளிம்பை நோக்கிய எல்லாத் திசையும். அதில் இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஏறக்குறைய முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே நட்சத்திரம் இருவருக்கும் எதிரே எப்படி இருக்கும்? இதற்கு உருப்படியான பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. போகிறபோக்கில் நிலா முயலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே அது தலைகீழாகக் கிடக்கும்.

கிரகணத்தையும் விட்டுவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 7 அன்று இரவு 11 மணிக்கு நம் நிலா முழுதாகச் சிவந்தது. நள்ளிரவில் நமக்கு அது ஏறக்குறைய உச்சியில். லண்டனில் அப்போதுதான் கிழக்கே உதயம், சிவந்தபடியே. நிழலின் விளிம்போ எல்லாக் கிரகணத்திலும் வட்ட வில். சாப்பாட்டுத் தட்டையும் ஒரு சாத்துக்குடியையும் டார்ச் முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தட்டைச் சாய்த்தால் நிழல் முட்டையாகும், பக்கவாட்டில் பிடித்தால் குச்சியாகும். சாத்துக்குடி எப்படித் திரும்பினாலும் வட்டம்தான். ‘அது பூமியின் நிழலே அல்ல, கண்ணுக்குத் தெரியாத வேறொரு பொருள்’ என்று ஒரு வீடியோ உண்டு. கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவர் அதை எப்படி ஏற்பார் என்று அத்தானிடமே கேளுங்கள்.

மாறுவாரா என்று கேட்டீர்கள். 2024 டிசம்பரில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் இரு தரப்பினரையும் அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். அங்கே 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, தட்டைப் பூமி யூடியூபர் ஒருவர், அங்கே அப்படி நடக்காது என்று தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஊரில் இருந்தபடி வீடியோ பார்த்த அவருடைய கூட்டத்தார் பலர் அதை மோசடி என்றார்கள்.

அதனால் அண்ணனிடமிருந்து போட்டோ எதுவும் வாங்காதீர்கள். நாகர்கோவில் மாடியில் முஷ்டி எண்ணுவது அத்தானாகவே இருக்கட்டும். முடிந்தால் அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு டெல்லிக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம்.